ஒண்டாச்சி என்னும் பெயர்

அந்தக் குடும்பப் பெயரை நான் முதலில் கண்டது ஒரு நாவலின் அட்டையில். 1992இல் புக்கர் பரிசு பெற்ற ‘தி இங்லிஷ் பேஷன்ட்’ அது. எழுதிய மைக்கேல் கொழும்பில் பிறந்தவர் என்பது தெரியும். ஆனால் அட்டையில் இருந்த எழுத்துகளைப் பார்த்தால் ஆம்ஸ்டர்டாம்காரர் போலத் தோன்றியது. டி, ஜே, இ என்று முடிகிற அந்த ஈற்றை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ‘ஒண்டாட்ஜே’ என்றே பல ஆண்டுகள் வாசித்து வந்தேன். குடும்பத்தவர் தங்கள் பெயரை ‘ஒண்டாச்சி’ என்று சொல்வதைக் கேட்ட பிறகுதான் நின்று யோசித்தேன். கண்ணுக்கு அந்நியமாக இருந்த பெயர் காதுக்கு அந்நியமாக இல்லை.

இதற்கான விடை ஒல்லாந்த மொழியின் எழுத்து முறையில் இருக்கிறது. நெடிய ஆகாரத்தைக் காட்ட அவர்கள் ‘ஏ’ என்ற எழுத்தை இரண்டு முறை எழுதுவார்கள். தெருவுக்கு அவர்கள் சொல் ‘ஸ்த்ராட்’. சின்னத் தெரு என்று சொல்ல அதனோடு ஜே, இ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பார்கள், ‘ஸ்த்ராட்யெ’ என்றாகும். பேச்சில் அந்த ஈறு ஏறக்குறைய ‘ச்யெ’ என்று ஒலிக்கும். சின்னது, செல்லமானது என்று குறிக்க அந்த மொழி ஏறக்குறைய எல்லாப் பெயர்ச்சொற்களோடும் ஒட்டிக்கொள்ளும் விகுதி இது. ஒல்லாந்தர் ஆண்ட காலத்துக் கொழும்பில் ஒரு தமிழன் தன் பெயரைச் சொல்ல, ஒல்லாந்த எழுத்தர் அதன் ஈற்றில் ‘ச்சி’ என்ற ஒலியைக் கேட்டார். அவர் பேனாவுக்கு அதற்கான எழுத்துக்கூட்டு முன்பே பழக்கம். அப்படித்தான் தமிழ் ஒலி ஒன்று ஒல்லாந்த விகுதியின் உருவத்தில் ஏட்டில் ஏறியது. அதன் பின் அதைப் பார்க்கும் ஐரோப்பியர் யாருக்கும் அது ஒல்லாந்துப் பெயராகவே தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் நம்மவர் ஆர்வத்தால் செய்யக்கூடிய ஒரு தவறைச் சொல்லிவிட வேண்டும். ‘ஆச்சி’ என்று முடிவதால் பாட்டியைக் குறிக்கும் உறவுச்சொல்லோடு இதை முடிச்சுப் போட முடியாது. மீனாட்சியை மீனாச்சி என்றும் காமாட்சியைக் காமாச்சி என்றும் கூப்பிடுகிறவர்கள் நாம். ‘ட்சி’யும் ‘ச்சி’யும் நம் வாயிலேயே ஒன்றாகிவிடும்போது, அந்நிய எழுத்தர் ஒருவரின் காதில் அவை எப்படிப் பிரிந்து கேட்டிருக்கும்? அந்த எழுத்துக்கூட்டு காட்டுவது ஒலியை மட்டும்தான், பொருளை அல்ல. பெயர் ஆய்வில் நடக்கும் பாதி விபத்துகள், ஒலி ஒத்திருப்பதைப் பொருள் ஒத்திருப்பதாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

என்னை அதிகம் ஈர்க்கும் கேள்வி வேறு. இந்தப் பெயர் எப்படித் தலைமுறை தாண்டி நிலைத்தது? தமிழரிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் பொதுவாகக் கிடையாது. தகப்பன் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகும். பேரன் பிறந்து தனக்கென முன்னெழுத்து வைத்துக்கொள்ளும்போது தாத்தாவின் பெயர் காகிதத்திலிருந்து போய்விடும். பேரனுக்குத் தாத்தா பெயரையே இட்டால் உண்டு; அதனால்தான் அவன் ‘பேரன்’ என்று சொல்வாரும் உண்டு. இந்த வழக்கத்தின்படி பார்த்தால், 17ஆம் நூற்றாண்டில் ஒருவர் ஒண்டாச்சி என்ற பெயரோடு கொழும்பில் வந்து இறங்கியிருந்தாலும் அடுத்த நூற்றாண்டில் அந்தப் பெயர் இருந்திருக்கக் கூடாது. அதைப் பிடித்து வைத்தது தோம்பு என்ற பதிவேடு.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1656 மே மாதம் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியது. கம்பெனி எங்கே போனாலும் எழுதி வைக்கும். நிலத்துக்குத் தோம்பு, குடிக்குத் தோம்பு, பள்ளிக்கூடத் தோம்பு. பள்ளிக்கூடத் தோம்புகளில் ஞானஸ்நானமும் கலியாணமும் பதிவாயின. சொத்துரிமைக்கும் சாட்சிக்கும் அந்தப் பதிவே ஆதாரம். அப்படி எழுதப்பட்ட ஒருவரின் மகனைப் பதியும்போது தகப்பனின் பெயர்த் தொடரைப் பார்த்துத்தான் பதிய வேண்டியிருந்தது. ஒரு மனிதனின் சொந்தப் பெயர் வம்சத்தின் பெயராக உறைந்த விதம் இதுதான். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒல்லாந்திலேயே, குறிப்பாக வடக்கு மாகாணங்களின் நாட்டுப்புறங்களில், பலருக்கு நிலையான குடும்பப் பெயர் அப்போது கிடையாது. நெப்போலியன் 1811 ஆகஸ்டில் கட்டளையிட்ட பிறகுதான் அவர்கள் பெயர் பதிந்துகொண்டார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு ஒல்லாந்த எழுத்தில் குடும்பப் பெயர் இருந்தது.

கொழும்பில் அந்தக் காலத்துப் பெயர்கள் இரண்டு வழியாக வந்தன. போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானத்தோடு கொடுக்கப்பட்ட பெர்னாண்டோ, பெரேரா, சில்வா போன்றவை ஒரு வழி. ஒரே பெயர் ஆயிரக்கணக்கானோருக்கு. தூத்துக்குடிக் கடற்கரையிலும் பெர்னாண்டோ, நீர்கொழும்பிலும் பெர்னாண்டோ, மொறட்டுவையில் சிங்களவரிடையேயும் பெர்னாண்டோ. இரண்டு பெர்னாண்டோக்கள் சந்தித்தால் உறவு விசாரிக்க மாட்டார்கள், விசாரிக்கவும் முடியாது. கொழும்புச் செட்டிகள் என்ற சமூகத்தவரில் பலர் மற்ற வழியில் போனார்கள். கிறிஸ்தவத்தை ஏற்றபோதும் முன்னோரின் சொந்தப் பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டார்கள். காசிச்செட்டி, கந்தப்பா, அசரப்பா எல்லாம் அப்படி வந்தவை. 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ வெளியிட்ட கற்பிட்டிக்காரர் சைமன் காசிச்செட்டியை நம் இலக்கிய வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். அவருடைய பெயரைக் கேட்டதும் அவர் எந்தச் சமூகம் என்று தெரிந்துவிடும். ஒண்டாச்சியும் அந்த வகைதான். பிந்திய காலத்தில் அந்தப் பெயர் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியரின் பெயர்களுக்கு நடுவே சென்று சேர்ந்ததற்கு எழுத்துக்கூட்டு ஒரு காரணம், கலியாணங்கள் இன்னொரு காரணம்.

குடும்பத்தின் தொடக்கக் கதைக்கு வருகிறேன். மைக்கேல் ஒண்டாச்சி தன் ‘ரன்னிங் இன் த ஃபேமிலி’ என்ற 1982ஆம் ஆண்டு நூலில் அதைச் சில வரிகளில் சொல்கிறார்: 1600இல் வந்த முன்னோர் ஒரு வைத்தியர், ஆளுநரின் மகளை மூலிகையால் குணப்படுத்தினார், நிலமும் வெளிநாட்டு மனைவியும் புது எழுத்துக்கூட்டில் தன் பெயரும் வெகுமதியாகப் பெற்றார். குடும்ப வம்சாவழிக் குறிப்புகள் வேறு மாதிரி சொல்கின்றன. அவற்றின்படி ஆண்டு 1659, நோயாளி ஆளுநர் ஆட்ரியான் வான் டெர் மெய்டனின் மனைவி, வைத்தியர் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து அழைக்கப்பட்டவர், பெயர் மைக்கேல் யூரி ஒண்டாச்சி. மனைவியாக வந்தவளை ஒரு கதை ஒல்லாந்தப் பெண் என்கிறது, இன்னொன்று போர்த்துக்கேயப் பெண் என்கிறது.

1600 என்ற ஆண்டு நிற்காது. அந்த ஆண்டில் ஒல்லாந்தக் கம்பெனியே உருவாகவில்லை. அது 1602இல்தான் தொடங்கியது. ஒல்லாந்தக் கடற்படைத் தலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கியதும் அதே ஆண்டில். கொழும்பு அப்போது போர்த்துக்கேயர் கோட்டை. ஆகவே ஒல்லாந்த எழுத்தில் பெயர் தரக்கூடிய ஆளுநர் யாரும் அங்கே இல்லை. மைக்கேல் வரலாறு எழுத உட்கார்ந்தவர் அல்ல, கேட்ட கதையைச் சொன்னவர். அதனால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. குடும்பக் கதைகள் எப்போதும் நூற்றாண்டின் தொடக்கத்துக்கே போய் நிற்க விரும்பும்.

1659 நிற்கும். வான் டெர் மெய்டன் 1653 முதல் இலங்கையில் ஒல்லாந்த ஆளுநர். கொழும்பு விழுந்ததும் அவருடைய காலத்தில்தான். ஆனால் எனக்குப் பெரிய ஆதாரமாகப் படுவது கடலின் மறுகரையில் நடந்த சம்பவம். 1658இல் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். தஞ்சையை ஆண்டவர் விஜயராகவ நாயக்கர். நாகப்பட்டினம் தஞ்சைச் சீமையின் பெரிய துறைமுகம். அந்த ஆண்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய கம்பெனிக் கப்பல்களில் செய்தியும் சரக்கும் ஆளும் ஒரே அதிகாரத்தின் கீழ்ப் போய் வந்தன. தஞ்சாவூர் வைத்தியர் ஒருவர் அடுத்த ஆண்டே கொழும்பு ஆளுநர் மாளிகைக்கு அழைக்கப்பட்டார் என்றால், அந்த வழி புதிதாகத் திறந்திருந்தது என்று பொருள். வாய்வழிக் கதை ஒன்று, தனக்குத் தெரியாமலே, கடல் வழியின் கணக்கோடு பொருந்துகிறது. இட்டுக்கட்டியவன் இவ்வளவு சரியாக ஆண்டைத் தேர்ந்திருக்க மாட்டான் என்பது என் கணிப்பு.

உள்ளூர் வைத்தியரைக் கம்பெனி தேடியதிலும் அதிசயம் இல்லை. ஐரோப்பிய அறுவை வைத்தியர்களுக்கு வெப்ப நாட்டுக் காய்ச்சலும் கழிச்சலும் பிடிபடவில்லை. கொச்சியில் ஆளுநராக இருந்த வான் ரீட், 1678 முதல் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ நூலுக்கு இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் அறிவை நாடினார். பவுல் ஹெர்மன் என்ற கம்பெனி வைத்தியர் 1670களில் இலங்கையில் செடிகளைச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பிலிருந்துதான் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார். மூலிகை தெரிந்த மனிதனுக்கு அன்று கம்பெனி வாசலில் மதிப்பு இருந்தது.

பெயரில் இன்னொரு இழையும் ஓடுகிறது. முன்னோரின் ‘யூரி’ என்பது ஜோர்ஜ் என்ற பெயரின் ஒல்லாந்த வடிவம். யூரியான், யூர்கன் என்றும் எழுதுவார்கள். இந்தக் குடும்பத்தில் அது பல தலைமுறைகள் நீடித்தது. அடுத்து வந்தவர்களில் வில்லெம் யூரியான், பீட்டர் பிலிப் யூரியான், மத்தேயு யூர்கன் என்று பார்க்கிறோம். முதல் பெயர் மாறுகிறது, நடுவில் யூரியான் இருக்கிறார், கடைசியில் ஒண்டாச்சி. இதில் எனக்கு நம் முன்னெழுத்து வழக்கத்தின் சாயல் தெரிகிறது. பதிவேடு ஒல்லாந்தருடையது, தன் பெயரோடு முன்னோரையும் சேர்த்துக் கூட்டிப்போகும் பழக்கம் தஞ்சாவூரிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஒல்லாந்தரிடமும் தகப்பன் பெயர் வைக்கும் வழக்கம் உண்டு என்பதால் இதை ஒரு வாசிப்பாகவே முன்வைக்கிறேன். ஆனால் நாவலாசிரியரின் முழுப்பெயர் பிலிப் மைக்கேல் ஒண்டாச்சி. முன்னூறு ஆண்டுகள் கழிந்த பிறகும் வைத்தியரின் மைக்கேல் அங்கே இருக்கிறது. பிலிப் யாரிடமிருந்து வந்தது என்பதற்கு ஒல்லாந்தின் உட்ரெக்ட் நகரம் வரை போக வேண்டும்.

வில்லெம் யூரியான் ஒண்டாச்சி ஒல்லாந்துக்குப் போய் இறையியல் படித்துத் திரும்பிய போதகர். அவர் மணந்தது ஹெர்மினா குவின்ட் என்ற ஆம்ஸ்டர்டாம் பெண்ணை. அவர்கள் மகன் பீட்டர் பிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாச்சி 1758இல் கொழும்பில் பிறந்தார். பதின்ம வயதில் படிக்க அனுப்பப்பட்டவர் உட்ரெக்ட் பல்கலைக்கழக மாணவனாக இருந்தபோதே அரசியலில் இறங்கினார். ஒரேஞ்ச் இளவரசரின் அதிகாரத்தையும் நகரவையைத் தங்கள் சொத்தாக வைத்திருந்த குடும்பங்களையும் எதிர்த்த ‘தேசபக்தர்’ இயக்கம் அப்போது எழுந்துகொண்டிருந்தது. நகரக் குடிமக்களின் ஆயுதப் படையிலும் அவர்கள் கூட்டங்களிலும் முன்னணியில் நின்றவர் கொழும்பில் பிறந்த இந்த இளைஞர். 1786 ஆகஸ்டில் உட்ரெக்டின் நடுச் சதுக்கத்தில், குடிமக்கள் தேர்ந்தெடுத்த புது நகரவை பதவி ஏற்றது. பிரான்சில் புரட்சி வெடிக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அடுத்த ஆண்டு பிரஷ்யப் படை நுழைந்து எல்லாவற்றையும் முறித்தது. குவின்ட் ஒண்டாச்சி நாட்டை விட்டு ஓடி பிரான்சில் காலம் தள்ளினார். 1795இல் பத்தேவியக் குடியரசு பிறந்தபோது திரும்பி வந்து அரசுப் பதவிகள் வகித்தார். இறுதியில் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு நீதித்துறைப் பதவியில் அனுப்பப்பட்டு 1818இல் பத்தேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், இறந்தார்.

ஒல்லாந்து வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் இவரைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. 1870இல் இவருக்கென ஒரு வாழ்க்கை வரலாறு வந்தது. சைமன் ஷாமா 1977இல் எழுதிய ‘பேட்ரியட்ஸ் அண்ட் லிபரேட்டர்ஸ்’ நூலிலும் இவர் வருகிறார். தமிழில் இவரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஆண்வழியில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் ஐரோப்பிய நகரம் ஒன்றில் தேர்தல் உரிமைக்காக மக்களைத் திரட்டினார் என்பது நம் பாடப்புத்தகத்தில் ஒரு பத்திக்காவது உரியது என்று மனமார நம்புகிறேன். நாவலாசிரியருக்கும் அவருடைய அண்ணன் சேர் பிலிப் கிறிஸ்டோபருக்கும் பிலிப் என்ற பெயர் பொதுவாக இருப்பதைப் பார்க்கும்போது, உட்ரெக்டின் நினைவு குடும்பத்தில் அணையவில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது.

ஆங்கிலேயர் 1796இல் கொழும்பை எடுத்துக்கொண்ட பிறகு இந்தப் பெயர் மருத்துவத்திலும் தாவரவியலிலும் மறுபடி தெரிகிறது. வில்லியம் சார்லஸ் ஒண்டாச்சி அரசாங்க வைத்தியராக இருந்து, 1840களின் தொடக்கத்தில் பேராதனைப் பூங்காவின் பொறுப்பையும் சிறிது காலம் ஏற்றிருந்தார். மூலிகையால் தொடங்கிய குடும்பம் மூலிகைக்கே திரும்பியது தற்செயலா, வீட்டில் தொடர்ந்து வந்த அறிவா என்று சொல்லத் தெரியாது. இரண்டாவதையே நான் விரும்புகிறேன்.

1908இல் கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் ஏற்பட்டது. அதன் சஞ்சிகையில் குடும்பங்களின் வம்சாவழிகள் ஒன்றொன்றாக அச்சாயின. சங்கம் ஆண்வழியை முக்கியமாகக் கொண்டது: கம்பெனி காலத்தில் வந்த ஐரோப்பியர் ஒருவரிடம் ஆண்வழியாகப் போய்ச் சேர வேண்டும். அந்த அளவுகோலை வைத்தால் ஒண்டாச்சி என்ற பெயர் போய்ச் சேரும் இடம் தஞ்சாவூர். தாய்வழியில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் சிங்களவரும் இருக்கலாம். ஆண்வழிக் கயிற்றின் நுனியில் நிற்பவர் தமிழ் வைத்தியர். எழுத்தைப் பார்த்து முடிவு கட்டுபவர்கள் இவர்களை ஒரு பக்கத்திலும், வம்சத்தைப் பார்ப்பவர்கள் இன்னொரு பக்கத்திலும் வைத்தார்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும் பறங்கியர் குடும்பங்கள் பெருமளவில் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. வெள்ளையர் குடியேற்றக் கொள்கை அங்கே நடைமுறையில் இருந்த காலம் அது. ஐரோப்பிய இரத்தம் இவ்வளவு என்று காட்ட வேண்டியிருந்தது. பழைய வம்சாவழித் தாள்கள் குடியேற்ற விண்ணப்பத்துக்கு ஆதாரமாயின. ஒரு குடும்பம் தன் முன்னோரில் யாரை முன்னே நிறுத்துவது, யாரை மறைப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்ததை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நாவலாசிரியர் மைக்கேலும் அண்ணன் கிறிஸ்டோபரும் போனது கனடாவுக்கு. கிறிஸ்டோபர் வணிகத்தில் செல்வம் சேர்த்தார். இலண்டன் தேசிய உருவப்பட மன்றத்தில் 2000இல் திறந்த ஒரு பகுதி இன்று ஒண்டாச்சி என்ற பெயரில் இருக்கிறது. ஓர் இடத்தின் தன்மையை உணர்த்தும் நூலுக்கு ஆண்டுதோறும் கொடுக்கப்படும் பரிசும் அதே பெயரில். 2016இல் இலங்கையில் புதிதாக விவரிக்கப்பட்ட சிலந்தி ஒன்றுக்கு, நாவலாசிரியரைக் கௌரவித்து, ‘பிரிக்னோலியா ஒண்டாச்சியை’ என்று பெயரிட்டார்கள். ஒல்லாந்த எழுத்தர் பிடித்து வைத்த தமிழ் ஒலி இப்போது இலத்தீன் வேற்றுமை உருபும் ஏற்றிருக்கிறது.

இவ்வளவு பரவியும் பெயர் அரிதாகவே இருப்பது ஏன்? பிரான்சிஸ் கால்ட்டனும் ஹென்றி வாட்சனும் 1874இல் குடும்பப் பெயர்கள் அழிந்துபோவதைக் கணிதமாக ஆராய்ந்தார்கள். பெயர் ஆண்வழியே மட்டும் போவதால், ஒவ்வொரு தலைமுறையிலும் ஆண்பிள்ளை இல்லாத வீடுகளில் அது நின்றுவிடும். தொடக்கத்தில் ஒரே ஒரு வீடு என்றால் அழியும் வாய்ப்பு மிக அதிகம். பெர்னாண்டோவுக்கு ஆயிரம் தொடக்கங்கள், ஒண்டாச்சிக்கு ஒன்று. அந்தக் குடும்பத்துப் பெண்கள் மணந்துபோன வீடுகளில் வைத்தியரின் இரத்தம் ஓடுகிறது, ஆனால் பெயர் இல்லை. மறுபக்கம், பெயரின் அருமையே உறவுக்குச் சாட்சியாகிறது. மெல்போர்னில் ஒருவரும் டொரன்டோவில் ஒருவரும் இந்தப் பெயரோடு இருந்தால், இருவரும் கொழும்பில் எங்கோ ஒரு படியில் சந்திப்பார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

இந்தப் பெயர் போன இடங்களில் என் மனம் திரும்பத் திரும்பப் போவது தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு. கம்பெனி தனக்கு வேண்டாதவர்களை அங்கே நாடு கடத்தும். கொழும்பிலிருந்து அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் நிக்கொலாஸ் ஒண்டாச்சி. 1728 முதல் 1737 வரை உறவினரும் நண்பர்களும் அவருக்கு எழுதிய கடிதங்கள் கேப் டவுன் ஆவணக் காப்பகத்தில் தங்கியிருந்தன. லெய்டனைச் சேர்ந்த தமிழறிஞர் ஹெர்மன் டீக்கன் அவற்றைப் படித்து, மொழிபெயர்த்து, 2015இல் ‘பிட்வீன் கொலம்போ அண்ட் த கேப்’ என்ற நூலாகப் பதிப்பித்தார். கடிதங்கள் மூன்று மொழிகளில் இருக்கின்றன: ஒல்லாந்தம், சிங்களம், தமிழ்.

கம்பெனியின் ஏட்டில் அவர் ஒல்லாந்த எழுத்தில் இருந்தார். வீட்டார் அவருக்குத் தமிழிலும் எழுதினார்கள். 18ஆம் நூற்றாண்டின் முன்பாதியில் சாதாரண மனிதர் ஒருவருக்கு வீட்டிலிருந்து போன தமிழ்க் கடிதங்கள் என்ற வகையிலும் அவை நமக்கு அரியவை. அக்காலத்துத் தமிழ் உரைநடை என்று நாம் வைத்திருப்பவற்றில் பெரும்பகுதி சமயத்தார் எழுதியவை. ஒரு கப்பல் போய்ச் சேர மாதங்கள் ஆகும். பதில் வர இன்னும் மாதங்கள். நிக்கொலாஸ் கொழும்புக்குத் திரும்பவே இல்லை. அங்கேயே இறந்தார். அவருக்கு வந்த தமிழ்க் கடிதங்கள் இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன.